சாவை நினைப்பது நல்லதா?

சுடுகாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்களின் பேச்சை ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள். "என்னத்தைக் கொண்டுவந்தோம், என்னத்தைக் கொண்டுபோகப் போகிறோம்" என்று பெருமூச்சு விடுகிறவர், வரப்புத் தகராறில் சொந்தத் தம்பியோடு நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருப்பவராக இருப்பார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவர் மறுபடியும் வக்கீலைப் பார்க்கப் போய்விடுவார். மயான வைராக்கியம் என்று இதைக் கேலி செய்யும் வழக்கம் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது.

இன்னொரு பக்கம், "தினமும் சாவை நினையுங்கள், வாழ்க்கை தானாகச் சீராகும்" என்று சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். சமயங்கள் பலவும் ஏறக்குறைய இதையே சொல்லிவந்திருக்கின்றன. அப்படியானால் வரப்புக்காரர் ஏன் மாறவில்லை?

உளவியல் ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைப் படித்ததில் எனக்குத் தேறியது இதுதான்: சாவின் நினைப்பு யாரையும் தானாகத் திருத்துவதும் இல்லை, கெடுப்பதும் இல்லை. வெள்ளம் வந்தால் வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓடும். ஒருவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் இலக்குகள்தான் அந்த வாய்க்கால். அந்த நினைப்பு எவ்வளவு நேரம் நின்றது, எவ்வளவு துல்லியமாக நின்றது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உணர்வு, பயம், ஏற்பு

பேச்சுவழக்கில் ஒன்றாகக் கலந்துவிடும் மூன்றைப் பிரித்துக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். நான் ஒருநாள் இறப்பேன் என்று அறிந்திருப்பது மரண உணர்வு. அந்த அறிவு நெஞ்சை அடைப்பது மரண பயம். அந்த அறிவோடு சமாதானமாக இருப்பது மரண ஏற்பு. உணர்வு கூடினால் பயமும் கூடியே தீரும் என்பதில்லை. மருத்துவமனையில் தினமும் சாவைப் பார்க்கும் செவிலியருக்கு உணர்வு மிகுதி. பயம் மிகுதியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சாவு வீட்டுப் பக்கமே போகாத ஒருவர் பயத்தில் முழுகிக் கிடக்கலாம்.

பயத்தை அளக்க 1970இல் டொனால்ட் டெம்ப்ளர் என்ற அமெரிக்க உளவியலாளர் 15 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். 'சரி', 'தவறு' என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய எளிய கூற்றுகள். பின்னர் கனடாவைச் சேர்ந்த பால் வோங்கும் அவருடைய சகாக்களும் ஏற்பையும் அளக்கப் புகுந்தார்கள். ஏற்பில் மூன்று வகை இருப்பதாக அவர்கள் பிரித்தார்கள். சாவு இயற்கையின் பகுதி, அதை விரும்பவும் இல்லை வெறுக்கவும் இல்லை என்பது ஒன்று. சாவுக்குப் பின் நல்லதோர் இடம் உண்டு என்ற நம்பிக்கையால் வருவது இன்னொன்று. மூன்றாவது, வாழ்வின் வலியிலிருந்து தப்பிக்கும் வழியாகச் சாவை ஏற்பது.

அந்த மூன்றாவதை நம் வீடுகளில் அடிக்கடி தவறாகப் படிக்கிறோம். "அவன் எப்போது கூப்பிடுகிறானோ போய்விடலாம்" என்று பாட்டி சொன்னால், பக்குவம் வந்துவிட்டது என்று பேரன் பேத்திகள் நெகிழ்ந்துபோகிறார்கள். பல நேரங்களில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சிகிச்சை பெறாத மூட்டு வலியும், பகல் முழுக்கப் பேச ஆளில்லாத தனிமையும் இருக்கும். இவற்றைச் சரிசெய்தால் "அவன்" கூப்பிடுவதைப் பற்றிய பேச்சு குறையவும் கூடும்.

நலவாழ்வு என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு. இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறேனா, வாழ்க்கையில் திருப்தி இருக்கிறதா என்பது ஒரு பொருள். வாழ்க்கை நன்றாக வாழப்படுகிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதை 1989இல் கரோல் ரிஃப் என்ற உளவியலாளர் ஆறு கூறுகளாகப் பிரித்தார்: தன்னை ஏற்றுக்கொள்வது, நல்ல உறவுகள், சுயமாக முடிவெடுப்பது, சூழலைக் கையாளும் திறன், வாழ்வுக்கு ஒரு நோக்கம், தொடர்ந்து வளர்வது. கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் தவிக்கும் தாய்க்கு முதல் வகை நலன் குறைந்திருக்கலாம். இரண்டாவது வகை நிறைந்திருக்கலாம். சாவின் நினைப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவதோடுதான் உறவாடுகிறது.

குழல் விளக்கில் எழுதிய பெயர்

எர்னஸ்ட் பெக்கர் என்ற அமெரிக்கப் பண்பாட்டு மானுடவியலாளர், மனிதன் சாவை எப்படியெல்லாம் மறுக்கிறான் என்பதைப் பற்றி 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். 1974 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார். அதே நூலுக்கு இரண்டு மாதம் கழித்துப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இப்படி: எல்லா விலங்குகளும் சாகின்றன, ஆனால் சாகப்போவதை வாழ்நாள் முழுக்க அறிந்திருக்கும் விலங்கு மனிதன்தான். அந்த அறிவு தாங்கமுடியாதது. அதனால் தன்னைவிட நீண்டு வாழும் ஏதோ ஒன்றோடு தன்னை ஒட்டவைத்துக்கொள்கிறான். அது மதமாக, நாடாக, குலப்பெயராக, எழுதிய நூலாக, கட்டிய வீடாக இருக்கலாம். கோயில் குழல் விளக்கில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று பெரிதாக எழுதியிருப்பார்களே, பெக்கர் அதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

1980களில் ஜெஃப் கிரீன்பெர்க், ஷெல்டன் சாலமன், டாம் பிஸ்சின்ஸ்கி என்ற மூன்று உளவியலாளர்கள் பெக்கரின் வாதத்தைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கோட்பாடாக மாற்றினார்கள். அவர்கள் முகாமிலிருந்து 1989இல் வெளிவந்த ஒரு சோதனை மிகவும் புகழ்பெற்றது. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் 22 நீதிபதிகளிடம், பாலியல் தொழில் குற்றச்சாட்டில் கைதான ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பிணைத்தொகை விதிப்பீர்கள் என்று கேட்டார்கள். பாதிப் பேரிடம் மட்டும் அதற்கு முன் அவர்களுடைய சொந்தச் சாவைப் பற்றிச் சில வரிகள் எழுதச் சொல்லியிருந்தார்கள். சாவைப் பற்றி எழுதாதவர்கள் சராசரியாக 50 டாலர் விதித்தார்கள். எழுதியவர்கள் விதித்தது 455 டாலர். சாவு நினைவுக்கு வந்ததும், தாங்கள் நம்பிவந்த ஒழுக்க நெறியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்தக் கோட்பாட்டில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. சாவை நினைத்த உடனே மனம் அதைத் தள்ளிவிடப் பார்க்கிறது. எனக்கென்ன, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாளையிலிருந்து நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொள்கிறது. நினைப்பு மேல்மனதிலிருந்து இறங்கிய பிறகுதான், சற்று நேரம் கழித்து, நம்பிக்கைகளையும் பெருமிதத்தையும் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது எதிர்வினை தொடங்குகிறது. இந்த விளக்கம் சரியென்றால், சுடுகாட்டு வழியில் வரப்புக்காரர் பேசிய ஞானத்தைவிட, மறுவாரம் வக்கீலிடம் அவர் காட்டிய வேகத்தில்தான் சாவின் கைவரிசை அதிகம்.

ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இந்தத் துறையின் மற்றொரு முக்கியச் சோதனையை 21 ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி செய்துபார்த்து 2019இல் முடிவை அறிவித்தன. சில ஆய்வகங்களுக்கு மூல ஆய்வாளர்களே ஆலோசனை சொன்னார்கள். அப்படியும் எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை. ஆகவே, சில வரிகள் எழுதவைத்தாலே ஆள் மாறிவிடுவான் என்ற வகைக் கதைகளை அப்படியே நம்பிவிட வேண்டாம். 22 நீதிபதிகள் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. கோட்பாடு எழுப்பிய கேள்வி பெரியது, அதன் சான்றுகள் சில இடங்களில் மெலிந்தவை என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

ஒரே சாவு, எதிரெதிர் திசைகள்

2000ஆம் ஆண்டில் டிம் காசரும் கென்னன் ஷெல்டனும் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கள் சாவைப் பற்றி எழுதவைத்தார்கள். பிறகு எல்லோரிடமும், பதினைந்து ஆண்டு கழித்து உங்கள் வருமானமும் செலவும் எப்படியிருக்கும் என்று கேட்டார்கள். சாவைப் பற்றி எழுதியவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய தொகைகளைக் கனவு கண்டார்கள். பொதுக் காட்டில் மரம் வெட்டும் ஒரு விளையாட்டில் அத்தகைய மாணவர்கள் கூடுதலாக மரம் வெட்டவும் முனைந்தார்கள். சாவு நினைவுக்கு வந்தது, பேராசை கூடியது. ஞானத்துக்கு நேர் எதிர்.

நான்கு ஆண்டு கழித்து ஃபிலிப் கொஸ்ஸோலினோவும் சகாக்களும் அதே களத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். 'சாவைப் பற்றி எழுதுக' என்று பொதுவாகச் சொல்லாமல் ஒரு காட்சியைக் கொடுத்தார்கள். நண்பரின் வீட்டில், இருபதாவது மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நள்ளிரவில் புகை நெடி. கதவைத் திறக்க முடியவில்லை. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துவிடுகிறது. இப்படிக் கற்பனை செய்தபின், இதுவரை வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், உங்கள் குடும்பத்தார் இதை எப்படித் தாங்குவார்கள் என்றும் கேட்டார்கள். பிறகு குலுக்கல் பரிசுச் சீட்டுகளை வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மற்றவர்களுக்கும் மிஞ்ச வேண்டும் என்றார்கள். பணத்தையும் தோற்றத்தையும் பெரிதாக மதிக்கிறவர்கள் வழக்கமான 'சாவைப் பற்றி எழுதுக' முறையில் அதிகச் சீட்டுகளை அள்ளினார்கள். தீக்காட்சியைக் கற்பனை செய்த அதே வகை ஆட்கள் குறைவாக எடுத்துக்கொண்டார்கள்.

என்ன வித்தியாசம்? முதல் முறையில் சாவு மங்கலான மிரட்டலாக வந்து போகிறது. மனம் கைக்குக் கிடைத்த கேடயத்தைத் தூக்குகிறது. இரண்டாவது முறையில் அது ஒரு குறிப்பிட்ட அறையில், குறிப்பிட்ட இரவில் நடக்கிறது. கூடவே வாழ்ந்த வாழ்க்கையும் அன்பானவர்களின் முகமும் வருகின்றன. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில், "நாச்செற்று விக்குள்மேல் வாராமுன் நல்வினை மேற்சென்று செய்யப் படும்" என்கிறார். எல்லாம் அழியும் என்ற பொது உண்மையோடு நிறுத்தாமல், நாக்கு செயலிழந்து விக்கல் மேலெழும் கணத்தையே காட்டுகிறார். அதற்குள் செய்யவேண்டியதையும் அதே குறளில் கையில் கொடுத்துவிடுகிறார். காட்சியும் இலக்கும் ஒட்டியே வருகின்றன.

ஆய்வகத்துக்கு வெளியிலும் இது பார்க்கப்பட்டிருக்கிறது. 1994 ஜனவரி 17 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நார்த்ரிட்ஜ் பூகம்பம் வந்தது. அதை அனுபவித்தவர்களிடம், முன்பு எவை உங்களுக்கு முக்கியமாக இருந்தன, பிறகு எவை முக்கியமாயின என்று கேட்ட ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. செத்துவிடுவோம் என்று அன்று உண்மையிலேயே அஞ்சியவர்கள், புகழ், பொருள் போன்றவற்றிலிருந்து உறவு, வளர்ச்சி போன்றவற்றின் பக்கம் கூடுதலாக நகர்ந்திருந்தார்கள். மக்கள் தங்கள் ஞாபகத்திலிருந்து சொன்னதுதான் இது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பேரிடருக்குப் பிறகு மனிதர்கள் வளர்கிறார்கள் என்ற கருத்தை 1990களில் டெடெஸ்கி, கால்ஹூன் என்ற உளவியலாளர்கள் பரப்பினார்கள். நான் வளர்ந்துவிட்டேன் என்று சொல்வதும், முன்னும் பின்னும் அளந்தால் தெரியும் மாற்றமும் எப்போதும் பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பட்ட அடிக்கு ஒரு பொருள் வேண்டும் என்று மனம் தேடுவதும் வளர்ச்சி போலவே ஒலிக்கும்.

எந்த இலக்கு, யாருடைய இலக்கு

வாய்க்காலுக்கு வருவோம். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் வழியில் வந்த ஆய்வாளர்கள் வாழ்க்கை இலக்குகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். செல்வம், புகழ், தோற்றம் ஆகியவை புற இலக்குகள். அவற்றின் மதிப்பு மற்றவர்களின் பார்வையில் இருக்கிறது. நெருக்கமான உறவு, தன் வளர்ச்சி, சமூகத்துக்குச் செய்வது ஆகியவை அக இலக்குகள். அவற்றைச் செய்வதிலேயே நிறைவு இருக்கிறது. 1993இல் காசரும் ரையனும், பண இலக்கை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறவர்களிடம் மனநலம் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள்.

இலக்கை அடைய முடியாததால் வந்த சோர்வுதானே என்று கேட்கத் தோன்றும். 2009இல் நீமெக் என்பவரும் ரையனும் டெசியும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களை, படிப்பு முடிந்த ஓராண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அக இலக்குகளில் முன்னேறியவர்களின் நலன் கூடியிருந்தது. புற இலக்குகளில் முன்னேறியவர்களுக்கு, வெற்றி பெற்ற பிறகும், நலன் கூடவில்லை. பதற்றம் போன்ற தொல்லைகள்தான் கூடியிருந்தன.

இதைக் கேட்டதும் 'பணம் பாவம்' என்று பிரசங்கம் தொடங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாதக் கடைசியில் வட்டிக்காரருக்குப் பதில் சொல்லவேண்டிய குடும்பத்துக்குப் பணம் என்பது பாதுகாப்பு, மருந்து, மகளின் படிப்பு. ஆய்வு பேசுவது விகிதத்தைப் பற்றி: பணம் மற்றவற்றுக்குத் துணையாக இருக்கிறதா, மற்ற எல்லாவற்றையும் தின்றுகொண்டிருக்கிறதா?

அடுத்தது, யாருடைய இலக்கு என்பது. கென்னன் ஷெல்டனும் ஆண்ட்ரூ எலியட்டும் 1999இல் இதை ஆராய்ந்தார்கள். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இரு தோழிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் தன் தாய் சான்றிதழுக்காக அலைந்ததைப் பார்த்து, அந்த நாற்காலியில் தான் உட்கார வேண்டும் என்று படிக்கிறாள் ஒருத்தி. பெரியப்பா மகள் தேர்ச்சி பெற்றுவிட்டாள், இவளும் பெறாவிட்டால் வீட்டில் தலைகாட்ட முடியாது என்று படிக்கிறாள் மற்றொருத்தி. புத்தகம் ஒன்று, தேர்வு ஒன்று. தனக்குச் சொந்தமான காரணத்தோடு தொடரும் இலக்கில் உழைப்பு நீடிக்கிறது, அடைந்தபோது கிடைக்கும் திருப்தியும் கூடுதல் என்பது அந்த ஆய்வின் முடிவு. வெட்கத்துக்கும் நச்சரிப்புக்கும் பயந்து எடுத்துக்கொண்ட இலக்கு, அடைந்த பிறகும் வயிற்றில் ஒட்டுவதில்லை.

சாவின் நினைப்பு பயன்படும் ஓர் இடம் இதுதான். வாழ்நாளுக்கு ஓர் எல்லை உண்டு என்று மனதில் படும்போது, இரவல் இலக்குகள் முதலில் கனக்கத் தொடங்குகின்றன.

மீதியிருக்கும் காலம்

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் செய்த வேலையை இந்தத் துறையிலேயே மிக அழகானது என்று சொல்வேன். அவருடைய கேள்வி எளிமையானது. உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைத்திருக்கிறது. நெருங்கிய உறவினர் ஒருவர், நீங்கள் படித்த நூலை எழுதியவர், அண்மையில் அறிமுகமாகி உங்களோடு ஒத்துப்போகும் ஒருவர் ஆகிய மூவரில் யாரோடு அந்த நேரத்தைக் கழிப்பீர்கள்?

முதியவர்கள் பெரும்பாலும் உறவினரைத் தேர்ந்தெடுத்தார்கள். இளையோரின் தேர்வு மூன்று பக்கமும் பரவியிருந்தது. வயதானால் அப்படித்தான் என்று முடித்திருக்கலாம், அவர் முடிக்கவில்லை. தனியாகத் தொலைதூரத்துக்குக் குடிபெயரப் போகிறீர்கள் என்று கற்பனை செய்யச் சொன்னதும், இளையோரும் முதியவர்களைப் போலவே உறவினரைத் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, புதிய கண்டுபிடிப்பால் உங்கள் ஆயுளில் 20 ஆண்டுகள் கூடும் என்று சொல்வதாக நினைக்கச் சொன்னதும், முதியவர்களின் தேர்வு இளையோரைப் போல் பரவியது. ஹாங்காங் 1997இல் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்குச் சற்று முன்பு, ஒரு காலம் முடிகிறது என்ற உணர்வு அந்த நகரத்தில் இருந்தபோது, இளையோரும் நெருங்கியவர்களையே நாடினார்கள். ஓராண்டு கழித்து இளையோர் பழையபடி ஆனார்கள்.

ஆக, தீர்மானிப்பது கடந்துபோன வயதைக் காட்டிலும், மீதி என்று மனம் போடும் கணக்கு. காலம் நீண்டு கிடப்பதாகத் தோன்றும்போது மனிதர்கள் கற்கிறார்கள், புது ஆட்களைத் தேடுகிறார்கள், பின்னால் பயன்படும் என்று கசப்பையும் பொறுக்கிறார்கள். காலம் சுருங்கியதாகத் தோன்றும்போது, இப்போதே பொருளுள்ளதாக இருக்கும் சில உறவுகளில் ஆழமாக இறங்குகிறார்கள். முதியவர்களின் அன்றாட மனநிலை பல ஆய்வுகளில் நாம் நினைப்பதைவிட நன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார் கார்ஸ்டென்சன். அப்பாவை வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அனுப்பிவைத்து, அவர் ஏன் உற்சாகப்படவில்லை என்று குழம்பும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளலாம். அவருக்குத் தேவைப்பட்டது, திண்ணையில் உட்கார்ந்து பேச இரண்டு மாலைப்பொழுதுகளாக இருக்கலாம்.

இதே காரணத்தால், இளைஞர்களிடம் "இன்றே கடைசி நாள் என்று வாழு" என்று சொல்வதை நான் மோசமான அறிவுரை என்றே கருதுகிறேன். கடைசி நாள் என்று நம்புகிறவன் தென்னங்கன்று நடமாட்டான். ஐந்தரை ஆண்டு மருத்துவப் படிப்பிலும் சேரமாட்டான். ஸ்டீவ் ஜாப்ஸ் 2005இல் ஸ்டான்போர்டு பட்டமளிப்பு விழாவில் பேசியதை இதற்குச் சான்றாக எடுத்துக்காட்டுவார்கள். தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்து, இன்று கடைசி நாளாக இருந்தால் இப்போது செய்யப்போவதைச் செய்வேனா என்று கேட்டுக்கொள்வதாக அவர் சொன்னார். அதன் பின்பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து பல நாள்கள் 'இல்லை' என்ற பதில் வந்தால்தான் எதையோ மாற்ற வேண்டும் என்று அறிவதாக அவர் சொன்னார். ஒருநாள் 'இல்லை' என்றால், அது வெறும் திங்கட்கிழமையாக இருக்கலாம்.

நோக்கமும் ஆயுளும், விடுதலும்

வாழ்வுக்கு நோக்கம் உண்டு என்று உணர்கிறவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்களா? அமெரிக்காவில் 6,000க்கு மேற்பட்டவர்களை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. நோக்க உணர்வு மிகுந்தவர்களிடம் அந்தக் காலத்தில் இறப்பு குறைவாக இருந்தது. இளையோர், முதியோர் என்ற வேறுபாடும் இல்லை. நோக்கம் ஆயுளைக் கூட்டுகிறது என்று இதற்குப் பொருள் சொல்லிவிட முடியாது. உடம்பு நன்றாக இருப்பவருக்கு நோக்கம் வைத்துக்கொள்வதும் எளிது.

இலக்கு நல்லது என்றால், பிடித்ததை விடாமல் இருப்பதும் நல்லதா? மொன்றியலில் கான்கார்டியா பல்கலைக்கழகத்தின் கார்ஸ்டன் ரோஷ் இதற்கு மாறான ஒன்றைக் காட்டினார். எட்ட முடியாது என்றாகிவிட்ட இலக்கை விடத் தெரிந்தவர்களின் மனநலம், விடத் தெரியாதவர்களைவிட நன்றாக இருக்கிறது. குழந்தைக்குப் புற்றுநோய் வந்த பெற்றோரிடமும் இதைப் பார்த்தார்கள். கைவிட நேர்ந்த பழைய திட்டங்களிலிருந்து மனதை எடுத்துக்கொள்ள முடிந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. விட்ட இடம் காலியாகவே கிடக்காமல், வேறொன்றைப் பற்றிக்கொள்ளும் திறனும் சேர வேண்டும். 'முயற்சி திருவினையாக்கும்' என்று வளர்ந்த நமக்கு இது சற்று உறுத்தும். ஆனால் கால எல்லையை நேராகப் பார்க்கிறவர் எல்லா இலக்குகளையும் ஒரே கையில் பிடித்திருக்க முடியாது.

மரணப் படுக்கையில் கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வினிபெக் நகரில் ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகக் கண்ணியச் சிகிச்சை என்ற முறையை உருவாக்கினார். பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியிடம் சில கேள்விகள் கேட்டு ஒலிப்பதிவு செய்கிறார். உங்கள் வாழ்க்கையில் எந்தப் பகுதி மிகவும் நினைவில் நிற்கிறது? எப்போது மிக உயிர்ப்போடு இருந்ததாக உணர்ந்தீர்கள்? எதைச் செய்ததில் பெருமைப்படுகிறீர்கள்? அன்பானவர்களிடம் இன்னும் சொல்லாமல் விட்டது என்ன? பதிவை எழுத்தாக்கிச் செம்மைப்படுத்தி, நோயாளிக்குப் படித்துக்காட்டி, அவர் சம்மதித்ததும் அவரிடமே ஒப்படைக்கிறார்கள். பெரும்பாலும் அது குடும்பத்துக்குப் போய்ச் சேர்கிறது.

2005இல் 100 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் திருப்தி தெரிவித்தார்கள். 2011இல் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில் மனத் துயரின் அளவீடுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் கண்ணியம் கூடியதாகவும், குடும்பத்துக்கு உதவியதாகவும் நோயாளிகள் சொன்னார்கள். துயரம் அப்படியே இருக்க, வாழ்வின் பொருள் மட்டும் கூடுவது சாத்தியம்தான்.

அந்தக் கேள்விகளை நாற்பது வயதில், நல்ல உடல்நலத்தோடு கேட்டுக்கொள்ளவும் தடையில்லை. செய்துபார்க்க விரும்புகிறவர்கள் 'எல்லோரும் ஒருநாள் சாவோம்' என்ற பொது வாக்கியத்தோடு தொடங்க வேண்டாம். அது மேலோட்டமாக வழுக்கிக்கொண்டு போய்விடும். உங்கள் இறப்பை ஒரு குறிப்பிட்ட காட்சியாக, யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பது உட்பட, நிதானமாக எழுதிப் பாருங்கள். பிறகு இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இலக்குகளைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது யாருக்காக என்று ஒரு சொல். பல மாதங்களாகத் தள்ளிப்போட்ட ஓர் உறவு அந்தப் பட்டியலில் தட்டுப்பட்டால், அதற்கான முதல் செயலை அந்த வாரமே செய்வது நல்லது. வைராக்கியம் வற்றுவதற்குள் கையைச் செலுத்திவிட வேண்டும்.

எல்லோருக்கும் இந்தப் பயிற்சி உகந்ததல்ல. அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்கள், நோய் பயம் ஓயாமல் துரத்துகிறவர்கள் இதைத் தள்ளிவைக்கலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறவர்களுக்குத் தேவைப்படுவது தியானமோ எழுத்துப் பயிற்சியோ அல்ல, உடன் பேச ஓர் ஆள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, உளவியலில் சேராத, ஆனால் மரண ஏற்புக்கு நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. வங்கிக் கணக்கில் நியமனதாரர் (நாமினி) பெயர் இருக்கிறதா? உயில் எழுதியாயிற்றா? நினைவு திரும்பாத நிலையில் செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? தத்துவம் பேசுகிற பலர் இங்கே வந்ததும் "அபசகுனமாகப் பேசாதே" என்று எழுந்துபோவார்கள். முன்கூட்டியே மருத்துவ விருப்பத்தை எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. முதலில் அதற்கு மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அந்த விதி தளர்ந்தது. இப்போது இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். அதை எழுத உட்காரும்போது 'எந்த நிலையில் வாழ்வது எனக்கு வாழ்வாக இருக்கும்' என்ற கேள்விக்குப் பதில் எழுதியே ஆகவேண்டியிருக்கும், அதையும் வீட்டார் முன்னிலையில்.